தாம்பரம் லோக்கலுக்கு எந்த ஹெட்போன்?
அமைதியான அறையில் 700 ரூபாய் வயர் இயர்போன், 2,000 ரூபாய் வயர்லெஸ் பட்ஸோடு தாராளமாகப் போட்டி போடும். அதன் விலையில் பேட்டரி, ப்ளூடூத் செலவு இல்லையே.

தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் கதை வேறு. இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமை ஏத்துவோம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணிநேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணிநேரம்தான். தினம் போக வர ரெண்டு மணிநேரம் ஆகிறவருக்கு செவ்வாய்க்கிழமையே கோட்டா காலி!

பட்ஸ் பெட்டியில் 'ஈ.என்.சி.' என்று இருந்தால் ஏமாறாதீங்க. அது நம் குரல் எதிர்முனைக்குத் தெளிவாகக் கேட்க. நம் காதுக்கு வேண்டியது 'ஏ.என்.சி.'. அதுவும் ரயிலின் சீரான உறுமலைத்தான் நன்றாகக் குறைக்கும். பக்கத்து சீட் அரட்டையை அவ்வளவாக இல்லை.

கூடுதல் காசு வால்யூமைக் குறைக்கத்தான். வீட்டுக்கு வயர், ரயிலுக்கு ஏ.என்.சி.