சத்திரசிகிச்சைக்குப் பின் வந்த 268 விக்கெட்டுகள்

முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எல்லோரும் ஒரே தொகையாகவே சொல்கிறோம். 2004இல் ஒரு கோடு போட்டுப் பிரித்தால்தான் அந்த மனிதர் விளங்குவார். அவ்வாண்டு மே மாதம் ஹராரேயில் கோர்ட்னி வோல்ஷின் 519 விக்கெட் சாதனையைத் தாண்டினார். சில மாதங்களில் தோள்பட்டையில் சத்திரசிகிச்சை. அப்போது கணக்கில் 532, வயது 32. தோளும் மணிக்கட்டும் சேர்ந்து சுழன்றால்தான் அவருடைய பந்து அப்படித் திரும்பும். அந்தத் தோளிலேயே கத்தி வைத்த பிறகும் 268 பேரை வீழ்த்தினார். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு!

திருப்பம் மட்டும் இதைச் செய்துவிடாது. 1998 ஓவல் டெஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க, முரளிக்கு இடையில் ஓய்வு கிடைக்கட்டும் என்று இங்கிலாந்தை முதலில் துடுப்பெடுத்தாட விட்டார். முரளி இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 113.5 ஓவர்கள் வீசி 16 விக்கெட் எடுத்தார். 1995இல் மெல்பேர்னில் நடுவர் ஹெயார் 'நோ போல்' என்று கையை நீட்டியபோதும் அவர் ஒதுங்கிப் போகவில்லை. அலுக்காமல் அதே இடத்தில் பந்தைப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் அவருடைய பெரும் பலம் என்பேன்.

அதே குணம் மைதானத்துக்கு வெளியேயும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இலங்கை அணி நியூசிலாந்தில் இருந்தது. தோள் ஆறாததால் முரளி நாட்டில் இருந்தார். காலியை அண்டிய சீனிகமவுக்குப் பிள்ளைகளின் நிகழ்ச்சி ஒன்றுக்குப் போகவிருந்தவர், தாமதமானதால் உயிர் தப்பினார். உலக உணவுத் திட்டத்தின் தூதராக இருந்த அவர், அடுத்த நாட்களிலேயே நிவாரண லொறிகளுடன் இறங்கினார். அன்று பரபரப்பாக வந்து படமெடுத்துப் போனவர்கள் எத்தனையோ பேர். முரளியோ தன் முகாமையாளர் குஷில் குணசேகர நடத்தும் 'ஃபவுண்டேஷன் ஒஃப் குட்னஸ்' அமைப்பின் அறங்காவலராக நின்று, ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள் எழத் துணைநின்றார். சுனாமியில் சிதைந்து 2007இல் மீண்ட காலி மைதானத்தில்தான், 2010 ஜூலை 22 அன்று பிரக்யான் ஓஜாவை ஆட்டமிழக்கச் செய்து 800ஐத் தொட்டார். ஓய்வுக்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. வடக்குப் பிள்ளைகளும் தெற்குப் பிள்ளைகளும் சேர்ந்தாட 2012இல் வடக்கில் 'முரளி கிண்ணம்' தொடங்கியது.

இங்கேதான் எனக்கு ஓர் ஆதங்கம். இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைப் பறித்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அதன் கரையோரக் கிராமமான கோமாரியையும் கடல் விட்டுவைக்கவில்லை. திருக்கோவிலிலும் கோமாரியிலும் தமிழர், பொத்துவிலிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம்கள், அம்பாறை நகரில் சிங்களவர் என்று மூன்று சமூகமும் இவ்வளவு கிட்டக்கிட்ட வாழும் இடம் நாட்டில் அதிகமில்லை. சேர்ந்தாடுவதுதான் அந்தக் கிண்ணத்தின் நோக்கமென்றால், அதற்கு இதைவிடப் பொருத்தமான மண் எது? மென்பந்தில் வளரும் எங்கள் பொடியன்களுக்கு ஒரு கடினப்பந்து ஆடுகளமும் நிரந்தரப் பயிற்றுவிப்பாளரும் கிடைத்தால் பெரிய காரியம்.

கரையோர விளையாட்டுக் கழகங்கள் மூன்று சமூகத்திலிருந்தும் ஒன்றாகக் கையெழுத்திட்டு முரளிக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அடுத்த கிண்ணத்தை இந்தக் கரைக்குக் கேட்போம்.