தமிழுக்கும் தெலுங்குக்கும் ஒரே விசைப்பலகை: ஃபைட்டிக்ஸ் 5

லினக்ஸ் கணினியில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் உள்ளீட்டுச் சட்டகம் ஃபைட்டிக்ஸ் 5. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று தீர்மானிப்பது அதனுடன் சேரும் துணைநிரல். இந்திய மொழிகளுக்கான துணைநிரல் எம்17என். தமிழுக்குத் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி முறை ஆகியவையும் தெலுங்குக்கு இன்ஸ்கிரிப்ட், போத்தனா, ஆர்டிஎஸ் ஆகியவையும் இதில் உண்டு.

இரண்டு மொழியும் ஒரே மேசையில் வேண்டியிருக்கும் ஊர்கள் சித்தூரும் திருப்பதியும். 1960இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த பிறகும், ஆந்திரத்தில் உள்ள நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ் பேசுவோர் நிறைய இருக்கிறார்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சப்தகிரி இதழ் தமிழிலும் தெலுங்கிலும் வருகிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்கும் இதே தேவைதான்.

தட்டச்சில் குறை சொல்ல அதிகம் இல்லை. தமிழ்99இல் 'அம்மா' என்று எழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் என்று நான்கு விசைகள் போதும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும். கண்ட்ரோலுடன் ஸ்பேஸ் அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். தெலுங்கைத் தனிக் குழுவாக வைத்து, சூப்பர் விசையுடன் ஸ்பேஸ் அழுத்திக் குழு மாறுவது கைக்குச் சுலபம்.

சிக்கல் அமைப்புகளில்தான் தொடங்குகிறது. துணைநிரலுக்கென்று உள்ள அமைப்புகள் சொற்பம். அன்றாட வேலையைத் தீர்மானிப்பவை சட்டகத்தின் பொது அமைப்புகள். அவற்றில் முக்கியமானது உள்ளீட்டு நிலையைப் பகிர்வது. இதற்கு மூன்று மதிப்புகள்: 'இல்லை', 'எல்லாம்', 'நிரல்'. 'இல்லை' என்றால் ஆங்கிலத்தில் இருக்கிறதா, இந்திய மொழியில் இருக்கிறதா என்ற நிலையை ஒவ்வொரு சாளரமும் தனித்தனியாக நினைவில் வைக்கும். 'நிரல்' என்றால் ஒரே செயலியின் சாளரங்கள் எல்லாம் அந்த நிலையைப் பகிரும். 'எல்லாம்' என்றால் ஓரிடத்தில் மாற்றியது எங்கும் மாறும். இயல்பாக இருப்பது 'இல்லை'. பத்திரிகை வாசகத்தைத் தமிழில் ஒரு சாளரத்திலும், முகவரிகளை ஆங்கிலத்தில் இன்னொன்றிலும் திறந்து வைத்து வேலை செய்பவருக்கு அதுவே சரி. ஆவணம், உலாவி, மின்னஞ்சல் என்று தமிழிலேயே தாவுபவர் 'எல்லாம்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் ஒவ்வொரு சாளரத்திலும் முதல் சொல் ஆங்கில எழுத்தில் விழும்.

இந்த விவரம் அமைப்புக் கோப்பில் இல்லை. ஃபைட்டிக்ஸின் நிரல்வரியில் அமைப்பின் பெயர், விளக்கம், இயல்பு மதிப்பு மூன்றும் ஒரே இடத்தில் அறிவிக்கப்படுகின்றன. கோப்பு எழுதப்படும்போது அந்த விளக்கம் அமைப்புக்கு மேலே குறிப்பு வரியாக வந்து உட்காருகிறது. மிக நல்ல ஏற்பாடு இது, விளக்கம் ஒரு பக்கம் அமைப்பு ஒரு பக்கம் என்று பிரிந்து போவதில்லை. ஆனால் உள்ளடக்கம் சீராக இல்லை. பயனர் தரவைச் சேமிக்கும் இடைவெளிக்கான குறிப்பு, அளவு நிமிடத்தில் என்று தெளிவாகச் சொல்கிறது. உள்ளீட்டு நிலைப் பகிர்வுக்கு மேலே இருக்கும் குறிப்போ அமைப்பின் பெயரையே திரும்பச் சொல்லி நின்றுவிடுகிறது. என்ன மாறும், எப்போது மாறும், விட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் சொல்லாத குறிப்பு புதியவருக்கு உதவாது.

கோப்பைக் கையால் திருத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எந்தக் குழுவில் எந்த விசைப்பலகை என்ற பட்டியல் 'புரொஃபைல்' கோப்பில் இருக்கிறது. ஃபைட்டிக்ஸ் ஓடும்போது அதைத் திருத்தினால், நிரல் மூடும் வேளையில் பழைய பட்டியலை மேலெழுதிவிடும். முதலில் நிறுத்தி, பிறகு திருத்துவதே முறை. வரைகலை அமைப்புக் கருவியில் மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை. எதுவும் வேலை செய்யவில்லை என்றால் ஃபைட்டிக்ஸுடன் வரும் டயக்னோஸ் கருவியை முனையத்தில் இயக்கலாம். சூழல் மாறிகளில் எது விடுபட்டது என்று அது காட்டும்.

ஒரே மொழியில் எழுதுபவருக்கு க்னோமுடன் வரும் ஐபஸ் போதும். தமிழும் தெலுங்கும் மாறி மாறி அடிப்பவருக்கு ஃபைட்டிக்ஸ் 5 தாராளமாகப் பரிந்துரைக்கத்தக்கது. இது திறமூல மென்பொருள். குறிப்பு வரிகளைத் திருத்தவும் தமிழில் விளக்கம் எழுதவும் எவருக்கும் வழி திறந்திருக்கிறது. இருமொழி தெரிந்த சித்தூர், திருப்பதி மாணவர்கள் அந்த வேலையை எடுத்துச் செய்யலாம்.