பழைய லாரியில் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

சிங்கப்பூரின் கேலாங் லோரோங் ஒன்றில் சமையல் கடை வைத்து, டெலிவரிக்குச் சொந்தமாக ஒரு பத்தடி லாரி தேடுபவர் உபி பக்கம் பழைய வண்டி விற்பவர்களிடம் போனால், பத்து மாத சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) மிச்சமுள்ள வண்டியைத்தான் முதலில் காட்டுவார்கள். விலை குறைவு. மனம் அங்கேயே நின்றுவிடும். நிற்க வேண்டாம் என்பதே என் வாதம்.

1990இல் வந்த இந்தச் சான்றிதழ் முறையில் சரக்கு வண்டிகள் சி பிரிவு. 2024இல் அதன் ஏல விலை சுமார் 70,000 வெள்ளி. பழைய லாரிக்கு நாம் கொடுப்பதில் பெரும்பகுதி இந்தச் சான்றிதழில் மிச்சமிருக்கும் மாதங்களுக்குத்தான். ஒரு கணக்குப் போடுவோம். பத்து மாதம் உள்ளது 8,000 வெள்ளி என்றால் மாதம் 800. மூன்று ஆண்டு உள்ளது 24,000 என்றால் மாதம் 667. மலிவாகத் தெரிந்ததே விலை கூடியது. அதோடு பத்து மாதம் கழித்து ஸ்கிராப் செய்ய வேண்டும். இல்லையென்றால் கடைசி மூன்று மாத ஏலங்களின் சராசரியைக் கட்டிப் பத்தாண்டு புதுப்பிக்கலாம், பாதியைக் கட்டி ஐந்தாண்டு புதுப்பிக்கலாம். ஐந்தாண்டை எடுத்தால் அதன்பின் நீட்டிப்பு கிடையாது. எப்படிப் புதுப்பித்தாலும் சரக்கு வண்டிக்கு இருபது ஆண்டுதான் ஆயுள்.

பலர் பார்க்கத் தவறுவது, முன்பு புதுப்பித்தபோது கட்டிய தொகை. வண்டியை இடையில் ஒப்படைத்தால் திரும்பக் கிடைப்பது அந்தத் தொகையில் மீதி மாதங்களின் பங்கு மட்டுமே; ஒப்படைக்கும் கார்களுக்குத் திரும்பக் கிடைக்கும் பார்ஃப் தொகை லாரிக்குக் கிடையாது. ஐந்தாண்டுக்கு 35,000 கட்டிய வண்டியில் மூன்றாண்டு மிச்சமென்றால் 21,000 வரும். ஏலம் இறங்கியிருந்த காலத்தில் பத்தாண்டுக்கு 30,000 கட்டியதில் அதே மூன்றாண்டுக்கு 9,000தான். சந்தையில் இரண்டும் ஒரே விலைக்கு நிற்கலாம். வாங்கிய மறுமாதமே எஞ்சின் போனால் முதல் வண்டிக்காரர் தப்பித்துவிடுவார். மற்றவர் கடனில் மூழ்குவார். கையில் காசு குறைந்தவருக்கு இதைவிட முக்கியமான வேறுபாடு வேறில்லை.

இனி வண்டி. பத்து வயது தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. டீசல் புகை அங்கே சிக்கவைக்கும். அதனால் எஞ்சின் சூடாவதற்கு முன்பே போய், நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறங்கள். புகை விட்டுவிட்டுப் பீறினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பிறகு டார்ச்சோடு கீழே குனிந்து, மேடைப் பலகை சேசிஸில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். மீன், ஐஸ் ஏற்றிய லாரியில் உப்புத் தண்ணீர் அங்கேதான் தேங்கும். அங்கே மட்டும் புதுக் கறுப்பு பெயிண்ட் பளபளத்தால் சாவியால் தட்டிப் பாருங்கள், செதில் உதிரும். கிளாஸ் 3 லைசென்ஸ் வைத்திருப்பவர் வெற்று எடை 2,500 கிலோவைத் தாண்டவில்லையா என்று லாக் கார்டில் பார்க்க வேண்டும்; பின்னால் மாட்டிய டெயில்கேட் அந்த எடையைக் கூட்டியிருக்கும்.

தொழில் இன்னும் நிலைக்கவில்லையா, வாடகை லாரிதான் சரி. நிலைத்துவிட்டால் இரண்டு முதல் நான்கு ஆண்டு மிச்சமுள்ள, அதிகத் தொகை கட்டிப் புதுப்பித்த, மீன் ஏற்றாத டொயோட்டா டைனாவோ இசுசுவோ வாங்கலாம். பத்து மாத வண்டியை இனாமாகக் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம்.