இரவல் அளவுகோல்

நிரலின் பிழைகளைத் தேட உதவும் கருவியான டீபக்கர் காட்டும் எண்ணே தவறென்றால், சரியாக இருக்கும் நிரலில் இல்லாத பிழையைத் தேடி அலையவேண்டியதுதான். ஜிடிபி (GDB) என்ற டீபக்கரில் நெடுங்காலம் அந்த ஆபத்து இருந்தது. நிரல் எந்தக் கணினிக்காக எழுதப்பட்டிருந்தாலும் சரி, அதன் மிதவைப்புள்ளி எண்களை ஜிடிபி தான் ஓடும் கணினியின் 'லாங் டபுள்' என்னும் எண் வகைக்கு மாற்றித்தான் கணக்கிட்டது, அச்சிட்டது.

இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. நிரலும் டீபக்கரும் ஒரே கணினியில் ஓடினால் கணக்கை வன்பொருளே வேகமாகச் செய்துவிடும். தனி நூலகம் தேவையில்லை. பெரும்பாலோர் வேலை அப்படித்தான் நடக்கிறது. குறை கண்ணில் படாமல் போனதும் அதனால்தான்.

கணினிகள் வேறுபடும்போதுதான் வில்லங்கம். ஐபிஎம் மெயின்ஃபிரேமின் 128 பிட் எண்ணுக்கு 113 பிட் துல்லியம்; இன்டெல் லினக்ஸ் கணினியின் லாங் டபுளுக்கு 64தான். மாற்றும்போதே 49 பிட்டுகள் காணாமல் போகும். பார்ப்பதோடு நின்றாலாவது பரவாயில்லை. மாறியின் மதிப்பை டீபக்கர் வழியாகத் திருத்தி எழுதினால், துல்லியம் குறைந்த எண் நிரலின் நினைவகத்துக்கே போய்ச் சேரும். பிழை தேட வந்த கருவியே பிழையை விதைக்கிறது!

2018 ஜனவரியில் வந்த 8.1 பதிப்பு இதற்கு வழி கண்டது. இரு கணினிகளின் எண் வடிவமும் ஒன்றானால் பழையபடி வன்பொருள். இல்லையேல் கேட்ட துல்லியத்தில் சரியாக முழுமையாக்கித் தரும் எம்பிஎஃப்ஆர் நூலகம். தீர்வு சரியானதே. ஆனால் பாதை இரண்டாகிவிட்டது: முதலாவதை எல்லோரும் தினமும் மிதிக்கிறார்கள், இரண்டாவதில் நடமாட்டம் குறைவு. எம்பிஎஃப்ஆரின் அடுக்கு வரம்பு வழக்கமான 'டபுள்' எண் வகையைவிட மிகப் பெரிது என்பதால், பூச்சியத்தை ஒட்டிய மிகச் சிறு எண்களின் நடத்தையைத் தனியே பார்த்துப் பொருத்தவும் வேண்டும். எனக்கு ஒப்பாதது வேறொன்று: அப்போது அந்த நூலகம் இல்லாமல் கட்டினால் ஜிடிபி பழைய வழிக்கே திரும்பும்படி விட்டார்கள். தெரியாத எண்ணைத் தெரியாது என்று சொல்வதே டீபக்கருக்கு அழகு.

அச்சிடுவதிலும் ஒரு குறை மிச்சமிருக்கிறது. 0.1 என்று கேட்டால் ஜிடிபி 0.10000000000000001 என்கிறது. எந்த டபுளையும் பிசகாமல் மீட்க 17 இலக்கங்கள் போதும் என்பது அதற்கு நியாயம். ஆனால் பைத்தான் 3.1 பதிப்பிலிருந்தே, அதே எண்ணை மீட்கவல்ல மிகக் குறுகிய வடிவத்தை, 0.1 என்றே அச்சிடுகிறது. அதில் ஒரு பிட்கூட இழப்பில்லை. ஜிடிபியின் கூடுதல் இலக்கங்கள் புதிதாக எதையும் சொல்வதில்லை. புதியவரை மிரட்டத்தான் பயன்படுகின்றன.