பாடுவதா, பாஸ் சொல்வதா?

ராத்திரி பத்து மணிக்கு மேல் சூடு பிடிக்கும் ஆட்டம் இது. அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர் மாநாடுகளில் பகல் முழுக்கப் பேசித் தீர்த்தபின், ஹோட்டல் அறை ஒன்றில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். இரண்டு மூன்று கிட்டார், பாட்டு எழுதிய தடித்த ஃபைல்கள், தண்ணீர் பாட்டில்கள். விண்கலம், டிராகன், ஸ்டார் டிரெக் என்று தங்களுக்குப் பிடித்ததையெல்லாம் நாட்டுப்பாடல் பாணியில் கட்டிப் பாடும் ஃபில்க் இசைக்கு இதுதான் களம். மேடைக் கச்சேரிகளும் உண்டு. ஆனால் உயிர் இருப்பது வட்டத்தில்தான்.

‘பார்டிக்’ வட்டத்தில் முறை சுற்றி வரும். உங்கள் முறை வந்தால் நீங்களே பாடலாம், இன்னாரை இன்ன பாட்டு பாடச் சொல்லலாம், அல்லது ‘பாஸ்’ சொல்லிவிடலாம். ‘கேயாஸ்’ வட்டத்தில் முறையே கிடையாது; ஒரு பாட்டு முடிந்ததும் முந்துகிறவர் பாடுவார். கணீர்க் குரல்காரர்கள் ராஜ்ஜியம் நடத்துவது இங்கேதான். கூச்ச சுபாவக்காரர் கிட்டாரை மடியில் வைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நியாயம் பார்டிக்கில், ஆட்டம் கேயாஸில் என்பது என் கட்சி.

காரணம், தொடர்பாட்டு. ஒருவர் நிலவைப் பாடினால் அடுத்தவர் அந்த நூலைப் பிடித்து வேறு பக்கம் இழுப்பார், நம்மூர் எசப்பாட்டு மாதிரி. மடக்குவதற்காக இல்லை, வளர்ப்பதற்காக. சுருதி கொஞ்சம் விலகினாலும் பாதகமில்லை. எந்த நேரத்தில் எந்தப் பாட்டை எடுக்கிறார் என்பதில்தான் ஆள் தெரியும்.

லெஸ்லி ஃபிஷ் எழுதிய ‘பேன்ட் ஃபிரம் ஆர்கோ’வை எடுத்துக்கொள்வோம். 1970-களில் வந்தது. ஸ்டார் டிரெக் கப்பல்காரர்கள் ஒரு கிரகத்தில் லீவுக்கு இறங்கி அடிக்கும் கூத்து. பெயர் சொல்லாமல் பதவியை மட்டும் சொல்லியே ஆளை அடையாளம் காட்டிவிடுவார். சரணத்துக்கு ஒரு ஆள், கடைசியில் ஒரு குறும்பு, உடனே பல்லவி. முதல்முறை வந்தவரும் இரண்டாவது பல்லவியிலேயே சேர்ந்துவிடலாம். அந்த வசதியே வினையாகவும் ஆனது. அதே அச்சில் ஆளாளுக்கு நையாண்டிப் பாட்டு வார்த்துத் தள்ளினார்கள். இன்று யாராவது இதை ஆரம்பித்தால் பழைய ஆட்கள் முனகுவார்கள். முனகிக்கொண்டே பல்லவியும் பாடுவார்கள்!

அவரே எழுதிய ‘ஹோப் ஐரி’ வேறு ரகம். 1969-ல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியதைப் பற்றியது. அவசரமே இல்லாத நடை. பல்லவிக்கு வரும்போது கீழ்ஸ்தாயியில் ஒருவர் பிடிப்பார், மேலே ஒருவர் ஏறுவார். ஒத்திகை பார்க்காமலே குரல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொள்ளும். தனியாக இருந்து ஒலிப்பதிவில் கேட்பவருக்கு இதில் பாதிதான் கிடைக்கும்.

இன்னொன்று, ‘ஃபயர் இன் த ஸ்கை’. எழுதிய ஜோர்டின் கேர் ஓர் இயற்பியலாளர்; லேசரால் விண்கலத்தைச் செலுத்த முடியுமா என்று ஆராய்ந்தவர். 2003-ல் கொலம்பியா விண்ணோடம் சிதறி 7 பேர் இறந்தபோது, நிலவில் நடந்த பஸ் ஆல்ட்ரின் இந்தப் பாட்டின் வரிகளைத் தொலைக்காட்சியில் சொல்லப் போய், முடியாமல் குரல் உடைந்தார். இப்படி ஒரு பாட்டுக்குப் பின் வட்டத்தில் அடுத்த ஆளின் பாடு திண்டாட்டம்தான். இன்னொரு சோகம் என்றால் அறையே படுத்துவிடும். டிராகன் ஜோக் என்றால் செருப்படி மாதிரி இருக்கும். விவரம் தெரிந்தவர் தலையாட்டிவிட்டு ‘பாஸ்’ என்பார்.

இந்த உலகத்துக்கு ஒரு விருதும் இருக்கிறது. ஒஹாயோவில் நடக்கும் ஃபில்க் விழாவில் 1984 முதல் பெகாசஸ் விருது தருகிறார்கள். ஓட்டுப் போடுவது ரசிகர்களே. சிறந்த பாட்டு, சிறந்த பாடகர், சிறந்த பாடலாசிரியர் என்று பிரிவுகள். வருஷத்துக்கு வருஷம் மாறுகிற பிரிவுகளும் உண்டு. அந்த மாறுகிற பிரிவுகளில் ஒன்றைச் சரியான இடத்தில் ‘பாஸ்’ சொன்னவருக்கு ஒதுக்கினால் என் ஓட்டு அதற்குத்தான்.