நகையின் பின்பக்கம்: மீனா வேலையும் எமது கலை விமர்சனமும்

'இஸ்லாமியக் கலை' பற்றி நாம் எழுதும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. ஒரு மன்னரின் பெயர், அவர் கட்டிய மாளிகை அல்லது பள்ளிவாசல், அதன் அழகுக்கு நாலைந்து அடைமொழிகள், கடைசியில் "இன்று நாம் எங்கே நிற்கிறோம்?" என்றொரு பெருமூச்சு. இருபது வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் எழுதினேன். தமிழ்ச் சிறப்புப் பட்டப் படிப்பின் இறுதி வருடத்தில் ஜெய்ப்பூர் நகைகளைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையை அண்மையில் எடுத்து வாசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அதிலிருந்த பிழையை இங்கே சொல்ல விரும்புகிறேன். அது என்னுடைய பிழை மட்டுமல்ல என்பதே காரணம்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். உயர்தர வகுப்பில் 'மீனாகாரி' என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "டீச்சர், மீன் விக்கிற பொம்புளயா?" என்றாள். வகுப்பே சிரித்தது. 'மீனா' பாரசீகச் சொல். உலோகத்தின் மேல் உருக்கிப் பிடிக்கவைத்த நிறக் கண்ணாடியைக் குறிப்பது. அந்த வேலைதான் மீனாகாரி. "உங்கட வீட்டுல இனாமல் கோப்பை இருக்கா?" என்று கேட்டேன். "உம்மம்மாட அலுமாரில ஒண்டு கிடக்கு டீச்சர், ஓரம் உடைஞ்சி கறுத்துப் போய்" என்றாள். இரண்டும் ஒரே தொழில்தான். அந்தக் கோப்பையில் இரும்பின் மேல் கண்ணாடி. ஜெய்ப்பூர் நகையில் பொன்னின் மேல் கண்ணாடி.

பொன் தகட்டில் பூவும் கொடியும் பறவையும் குழியாகச் செதுக்கப்படும். குழியின் அடியிலும் நுண்ணிய கோடுகள் கீறப்படும். அவை கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒளிபுகும் நிறத்தின் ஊடாகப் பொன்னின் மினுக்கத்தையும் மேலே அனுப்பும். பின்னர் தூளாக்கிய நிறக் கண்ணாடியைத் தண்ணீரில் குழைத்துக் குழியில் இட்டு, சுமார் 750 முதல் 850 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட வேண்டும். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு என ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உலோகம் உண்டு. எல்லா நிறமும் ஒரே சூட்டைத் தாங்கா. அதிக சூடு தாங்கும் வெள்ளை பொதுவாக முதலில் சூளைக்குப் போகும். எளிதில் கெட்டுவிடும் சிவப்பு கடைசியில். கடைசிச் சூட்டில் கொஞ்சம் பிசகினால் அதற்கு முன் செய்த அவ்வளவும் வீண்.

ஜெய்ப்பூர் மாலைகளிலும் பதக்கங்களிலும் முன்பக்கத்தில் கற்கள் பதித்திருக்கும். மீனா வேலை பின்பக்கத்தில், அணிபவரின் உடலோடு ஒட்டிக் கிடக்கும். பார்ப்பவருக்கு அது தெரியாது. இதைத்தான் எனது பழைய கட்டுரை பிடித்துக்கொண்டது. "முன்பக்கம் உலகுக்கு, பின்பக்கம் உள்ளத்துக்கு, இது கைவினைஞரின் இஹ்லாஸ்" என்று எழுதியிருந்தேன். விரிவுரையாளர் பக்கத்தில் சரி அடையாளம் இட்டிருந்தார். இன்று என் மாணவி ஒருத்தி அப்படி எழுதினால் நான் புள்ளி குறைப்பேன்.

ஏனென்றால் பட்டறையில் விஷயம் வேறு. கல் பதிக்கும் நகைக்கு மிகத் தூய பொன் வேண்டும்; தூய பொன் மெதுவானது, தோலிலும் துணியிலும் உராய்ந்து தேயும். கண்ணாடிப் பூச்சு அந்தத் தேய்மானத்தைத் தடுக்கிறது. அடுத்தது இன்னும் முக்கியம். கற்கள் அரக்கின் மேல் இருத்தப்பட்டு, மெல்லிய பொன் தகட்டால் சூடில்லாமலே இறுக்கப்படுகின்றன. அவற்றைப் பதித்த பிறகு நகையைச் சூளையில் வைக்க முடியாது. ஆகவே மீனா வேலைதான் முதலில் நடக்கும். நாம் 'பின்பக்கம்' என்று சொல்வது, செய்தவரின் கையில் முன்னால் வந்த பக்கம்.

அப்படியானால் அதில் பொருள் தேடவே கூடாதா? தேடலாம். தேய்மானத்தைத் தடுக்க ஒரே நிறத்தில் ஒரு பூச்சு போதும். பூவும் கிளியும் தேவையில்லை. தேவை முடிந்த இடத்துக்கு அப்பாலும் ஒருவர் செதுக்கியிருக்கிறார். விமர்சனம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தேவை எதுவரை என்று தெரியாதவருக்கு, அதைத் தாண்டியது எது என்றும் தெரியாது. நான் வேலையைப் பார்க்காமல் நேரே விழுமியத்துக்குத் தாவினேன்.

இதே தாவல்தான் வரலாற்றிலும் நடக்கிறது. அக்பரின் தளபதியாக இருந்த ஆம்பேர் அரசர் ராஜா மான்சிங், லாகூரிலிருந்து சீக்கிய மீனாகாரர்களை வரவழைத்தார் என்பது ஜெய்ப்பூர் மரபு. பாரசீகப் பெயர், முகலாய ரசனை, ராஜபுத்திர அரசர், சீக்கியக் கைகள். இதை 'இஸ்லாமியக் கலை' என்ற ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டினால் பெருமை நமக்கு மிஞ்சும், கைகள் மறைந்துபோகும். அக்பரின் அவைக்களத்து அபுல் பஸ்லே நம்மைவிடக் கவனமாக இருந்தார். அவரது ஆயினே அக்பரி, நகை வேலை செய்வோரை வகை பிரித்து, மீனாகாரரைத் தனித் தொழிலாளியாகக் குறிக்கிறது.

மம்லூக் காலத்துப் பள்ளிவாசல் விளக்குகளையும் பாருங்கள். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் எகிப்திலும் சிரியாவிலும் உருவானவை. அங்கே உலோகத்துக்குப் பதில் கண்ணாடியின் மேலேயே இந்த உருக்கு நிறமும் பொன்னும். பலவற்றின் கழுத்தில் சூரா அந்நூரின் 35ஆம் வசனம். உடலில் சுல்தானின் அல்லது அமீரின் பெயர். விளக்கை ஏற்றினால் வசனத்தோடு சேர்ந்து கொடையாளியின் பெயரும் ஒளிரும். செய்தவரின் பெயரைப் பெரும்பாலான விளக்குகளில் காண முடியாது.

தமிழில் 'அணி' என்றால் நகை. செய்யுளின் அலங்காரமும் அணிதான். உவமையா உருவகமா என்று பெயர் சொல்லப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம். அந்த அணி அந்த அடியில் என்ன வேலை செய்கிறது என்று கேட்கப் பழக்கவில்லை. நகையைப் பார்க்கும் நமது கண்ணும் அதே வகுப்பறையில் பழகிய கண்தான்.

இதை ஜெய்ப்பூரோடு நிறுத்திவிடவும் முடியாது. பேருவளை மாணிக்க வியாபாரத்தைப் பற்றி நாம் பெருமையாக எழுதுகிறோம். கல்லை வாங்கியவர், விற்றவர், ஏற்றுமதி செய்தவர் எல்லோரும் அதில் வருகிறார்கள். பட்டை தீட்டும் சக்கரத்தின் முன் நாள் முழுக்கக் குனிந்திருந்தவர் ஒரு வரியில் கடந்துபோகிறார். மருதமுனைக் கைத்தறியின் அழகைச் சொல்வோர் பலர். பாவு ஓடுவதிலிருந்து சாரம் அறுத்தெடுப்பதுவரை யார் என்ன செய்கிறார் என்று முறையாக எழுதியோர் எத்தனை பேர்? அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் இன்னும் நம் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்கலாம்.

இந்தத் தவணை என் வகுப்புக்கு ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறேன். வீட்டில் கையால் செய்த ஒரு பொருளை எடுத்து, 'அழகு' என்ற சொல்லைப் பாவிக்காமல், அது எப்படிச் செய்யப்பட்டது, எந்தக் கட்டத்தில் கெட்டுப்போகக்கூடும், செய்தவர் யார் என்று எழுத வேண்டும். மீன் விக்கிற பொம்புளயா என்று கேட்ட பிள்ளை, தன் உம்மம்மா இழைத்த பன்பாயைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னாள். "அதுக்கு உம்மம்மாட்ட நிறையக் கேக்கணும் டீச்சர்" என்றாள். கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.