தாமரை மொட்டுகளும் தாயின் இடமும்

ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1909இல் வெளியிட்ட 'லோட்டஸ் பட்ஸ்' (தாமரை மொட்டுகள்) என்னும் ஆங்கில நூல், கோயில் பணிக்கென ஒப்புக்கொடுக்கப்படும் ஆபத்திலிருந்த பெண்குழந்தைகள் டோனாவூரில் அடைக்கலம் பெற்ற வரலாற்றைக் கூறுவது. நம் பிரசங்கங்களில் இது ஒரு மிஷனெரியின் வீரச்செயலாகவே எடுத்தாளப்படுகிறது. நிதானித்து வாசிப்போர்க்கு வேறொன்றும் புலப்படும்.

குமரி மாவட்டத்தாராகிய நமக்கு நெய்யூர்க் குழந்தையகத்தைப் பற்றிய அதிகாரம் மிக நெருக்கமானது. பச்சிளங் குழந்தைகளுக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டமையால், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், இலண்டன் மிஷன் மருத்துவமனையை நம்பி அவ்வகம் அமைந்தது. அதன் பொறுப்பை ஏற்றவர் பொன்னம்மாள் என்னும் விதவை. உடன் உழைத்த பெண்களுக்கென 'அக்காள்கள்' என்று தனி அதிகாரமே உண்டு. பாலூட்டுதல், நோயில் விழித்திருத்தல் ஆகிய அன்றாட வேலைகளாலேயே அடைக்கலம் நிலைபெறுகிறது என்பதை மறைக்காமல் எழுதியது இந்நூலின் தலையாய சிறப்பு.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க இயலாது. வறுமையாலும் நேர்த்திக்கடனாலும் குழந்தையைக் கைவிட நேர்ந்த தாய்மார் இந்நூலில் வருகின்றனர். வந்த வேகத்தில் மறைகின்றனர். அவர்கள் வாழ்ந்த சமூகம் முழுவதும் இருளாகத் தீட்டப்படுகிறது. அவ்விருளினின்றே பின்னாளில் எதிர்ப்புக் குரல் எழுந்தது. தேவதாசி மரபில் பிறந்த தாயின் மகளாகிய முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் இம்முறையை எதிர்த்துத் தீர்மானம் கொணர்ந்தார். அம்முறையிலேயே வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போராடினார். சட்டம் 1947இல் நிறைவேறியது.

யாத்திராகமத்தில் மோசேயைக் காத்தவள் பார்வோனின் குமாரத்தி மட்டுமல்லள். நாணற்பெட்டியைக் காவல்காத்த அக்காள் உண்டு. கூலிபெற்றுத் தன் மகனுக்கே பாலூட்டிய தாயும் உண்டு. 1940 முதல் 1944 வரை, பிரான்சு நாட்டில், லெ ஷாம்போன் என்னும் புராட்டஸ்டண்டு சிற்றூரின் குடும்பங்கள் யூதக் குழந்தைகளை ஒளித்துக் காத்தன. தாம் காத்தது பிறர் பெற்ற பிள்ளைகளை என்பதை அறிந்தே அவர்கள் கதவைத் திறந்தனர். காப்பவர் தாயின் சார்பாகக் காக்கிறார். தாயின் இடத்தைத் தமதாக்கிக்கொள்வதில்லை.

இந்நூலை இறையியல் மாணவர் வாசிக்கவேண்டும். பொன்னம்மாளின் பெயரோடு பிரசங்கிக்கவும் வேண்டும். நூல் பாதியில் விட்ட தாய்மாரின் கதையைத் தொடர்வது நம் பொறுப்பு. திருச்சபையின் விடுதிகளில் வளரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், தன் தாய் யார், ஏன் பிரிந்தாள் என்பதை மதிப்போடு எடுத்துச்சொல்ல ஒருவர் இருக்கிறாரா என்பதை ஆயர்கள் ஆராய்ந்து பார்ப்பார்களாக.